மூளைக் கட்டிக்கு நானோ துகள் மருந்துகள்: எலிகளில் கிடைத்த வெற்றி நோயாளிகளை ஏன் இன்னும் எட்டவில்லை?

தேடல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு மூளையின் வலது முன்மடலில் இருந்த கட்டியை அறுவை சிகிச்சையில் அகற்றினார்கள். திசுப் பரிசோதனையில் அது கிளையோபிளாஸ்டோமா என்ற கொடிய மூளைப் புற்றுநோய் என்று உறுதியானது. இப்போது கதிர்வீச்சும் அதனுடன் டெமோசோலோமைடு என்ற புற்றுநோய் மாத்திரையும் தொடங்கியிருக்கின்றன. மருத்துவர்கள் எதையும் மறைக்கவில்லை. கட்டியை அகற்றிய பின்னும் கண்ணுக்குத் தெரியாத புற்றுச் செல்கள் மூளைக்குள் தங்கியிருக்கும் என்றும், கட்டி மறுபடி வளரும் வாய்ப்பே அதிகம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

நான் கணக்குத் தணிக்கைத் துறையில் பணிபுரிபவள். உயிரியல் படித்தது பள்ளியோடு சரி. ஆனாலும் இந்த நோயைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் வாசித்து வருகிறேன். நானோ துகள்களுக்குள் மருந்தை வைத்து மூளைக்கு அனுப்பியதாகவும், எலிகளில் கட்டி சுருங்கியதாகவும் செய்திகள் தொடர்ந்து கண்ணில் படுகின்றன. ஆனால் தம்பியின் சிகிச்சைத் திட்டத்தில் அப்படி எதுவுமே இல்லை. மருந்து மூளைக்குள் செல்வதை உண்மையில் எது தடுக்கிறது, துகள்கள் அதை எப்படித் தாண்டுகின்றன, இத்தனை வெற்றிகள் எலிகளோடு நின்றுபோவதற்கு என்ன காரணம் என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன். ஆறுதலுக்காக எதையும் மென்மையாக்கிச் சொல்ல வேண்டாம். மருத்துவரிடம் அடுத்த முறை பேசும்போது எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

நுண்துகள்

சகோதரி, தங்கள் தம்பி விரைவில் தேறிவர வேண்டும் என்று விரும்புகிறேன். மருந்துகளைத் துகள்களில் ஏற்றி அனுப்பும் ஆய்வில் பல ஆண்டுகளாக ஈடுபட்டிருப்பதால், தங்கள் கேள்வியின் முதல் பகுதிக்கு என்னால் பதில் சொல்ல முடியும். சிகிச்சை பற்றிய பகுதியை மருத்துவர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

1885-இல் பால் எர்லிக் விலங்குகளின் இரத்தத்தில் சாயம் செலுத்தியபோது மற்ற உறுப்புகளெல்லாம் நிறம் ஏற, மூளை மட்டும் நிறமேறாமல் இருந்தது. 1913-இல் எட்வின் கோல்ட்மான் சாயத்தை மூளைத் தண்டுவட நீரில் செலுத்தியபோது, மூளை நிறமேறியது, மற்ற உறுப்புகள் ஏறவில்லை. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே ஒரு தடை இருக்கிறது என்பது இவ்வாறு தெளிவாயிற்று. அந்தத் தடை தனியான ஒரு சவ்வு அன்று. மூளையின் நுண்நாளங்களின் உட்சுவரிலுள்ள செல்களே அது. உடலின் பிற இடங்களில் இந்தச் செல்களுக்கிடையே இடைவெளி உண்டு. மூளையிலோ அவை ஒன்றோடொன்று இறுகப் பிணைந்திருக்கின்றன. செல்களின் ஊடாக ஊடுருவிச் செல்லும் வழி, கொழுப்பில் கரையும் மிகச் சிறிய மூலக்கூறுகளுக்கு மட்டுமே ஓரளவு திறந்திருக்கிறது. அப்படி நுழைந்துவிட்ட பல மருந்துகளையும் பி-கிளைக்கோபுரோட்டீன் போன்ற வெளியேற்றும் புரதங்கள், வாசலுக்குள் காலெடுத்து வைத்தவனைக் கையோடு வெளியே அனுப்பிவிடும் காவலாளியைப் போல, மீண்டும் இரத்தத்துக்கே தள்ளிவிடுகின்றன. மார்பகப் புற்றுநோயில் நன்கு பயன்படும் பேக்லிடாக்சல், டாக்சோரூபிசின் ஆகியவை மூளைக் கட்டியில் பயன்படாமல் போனதற்கு இதுவே முக்கியக் காரணம். தங்கள் தம்பி உட்கொள்ளும் டெமோசோலோமைடின் மூலக்கூறு எடை 194 டால்டன் மட்டுமே. அதனால் அது நுழைகிறது. நுழைந்தும் மூளைத் தண்டுவட நீரில் காணப்படும் அதன் அளவு, இரத்தத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான்.

நானோ துகள் என்று இங்கே குறிப்பிடுவது பெரும்பாலும் 10 முதல் 200 நானோமீட்டர் வரையிலான உருண்டைகளை. கொழுப்பால் ஆன லிபோசோம், உடலில் சிதைந்து கரையும் பாலிமர், அல்புமின் புரதம், தங்கம், இரும்பு ஆக்சைடு எனப் பல பொருள்களால் அவற்றைச் செய்கிறார்கள். துகள் சிறிதாக இருப்பதால் தடையின் சந்துகளில் நுழைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. செல்களின் பிணைப்புக்கு முன் 50 நானோமீட்டர் துகள் மிகப் பெரியது. நாளச் சுவர்ச் செல்லே துகளை விழுங்கி, ஒரு பையில் சுமந்து, மறுபக்கம் விடுவிக்க வேண்டும். மூளை தனக்குத் தேவையான இரும்பையும் கொழுப்பையும் இப்படித்தான் பெறுகிறது. அந்த வழியை நாம் கடன் வாங்குகிறோம்.

பிராங்க்பர்ட்டில் யோர்க் குரொய்ட்டர் குழுவினர் 1995-இல் பாலிசார்பேட் 80 என்ற பொருளைப் பூசிய பாலிமர் துகள்களில் டலார்ஜின் என்ற வலி நீக்கியை ஏற்றி எலிகளுக்குச் செலுத்தினர். தனியாகச் செலுத்தினால் மூளையை எட்டாத அந்த மருந்து வேலை செய்தது. இரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் அப்போலிப்போபுரோட்டீன் ஈ என்ற புரதம் அந்தப் பூச்சின் மேல் ஒட்டிக்கொள்ள, கொழுப்பைச் சுமந்து வந்த இயல்பான துகள் என்றே நாளச் சுவர் அதை ஏற்றுக்கொண்டது என்பது பின்னர் கிடைத்த விளக்கம். 2004-இல் இதே முறையில் டாக்சோரூபிசின் பெற்ற, கிளையோபிளாஸ்டோமா உள்ள எலிகளில் ஐந்தில் ஒன்றுக்கும் மேற்பட்டவை நீண்டகாலம் நோயின்றி இருந்தன. இருபது ஆண்டுகள் கடந்தும் அது வழக்கமான சிகிச்சையாகவில்லை.

ஏன் என்பதற்கு என் துறை சார்ந்து மூன்று நான்கு காரணங்களைச் சொல்லலாம் என்றாலும், ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். அதுவே எங்களை அதிகம் வருத்துவது. இரத்தத்தில் கலந்த சில நிமிடங்களில் துகளின் மேல் பல்வேறு புரதங்கள் போர்வையாகப் படிந்துவிடுகின்றன. நாம் மேற்பரப்பில் கவனமாக ஒட்டிய அடையாள மூலக்கூறு அந்தப் போர்வைக்குள் மறைந்துபோகக்கூடும். கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள விழுங்கு செல்கள் அத்தகைய துகள்களை அந்நியப் பொருளாகக் கண்டு பிடித்துக்கொள்கின்றன. டொராண்டோ பல்கலைக்கழகக் குழு, முந்தைய பத்தாண்டுகளில் வெளியான ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியிட்ட கணக்கின்படி, செலுத்தப்பட்ட துகள்களில் கட்டியைச் சென்றடைந்தது இடைநிலை மதிப்பாக 0.7 சதவீதம். இது எல்லா வகைக் கட்டிகளையும் சேர்த்த கணக்கு. தணிக்கைத் துறையில் இருக்கும் தங்களுக்கு, மீதி 99.3 எங்கே போயிற்று என்ற கேள்வியின் கனம் உடனே புரியும். பெரும்பகுதி கல்லீரலில் சேர்ந்தது என்பதே அதற்கான விடை.

தடையைத் தாண்ட வைப்பதிலும் நுட்பம் இருக்கிறது. இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் புரதத்தைத் துகளில் ஒட்டினால், நாளச் சுவரிலுள்ள அதன் ஏற்பி துகளைப் பற்றிக்கொள்ளும். அதிகமாக ஒட்டினால் நல்லது என்றே முதலில் எல்லோரும் கருதினோம். கலிஃபோர்னியா தொழில்நுட்ப நிறுவனத்தின் மார்க் டேவிஸ் குழு தங்கத் துகள்களை வைத்து 2013-இல் காட்டியது வேறு: மிக வலுவாகப் பிணைந்த துகள்கள் சுவர்ச் செல்லிலேயே சிக்கிக்கொண்டன, நடுத்தரமாகப் பிணைந்தவையே மறுபக்கம் விடுபட்டன. ‘துகள் மூளையில் காணப்பட்டது’ என்று ஒரு கட்டுரை சொல்லும்போது, அது மூளைத் திசுவிலா, மூளை நாளத்தின் சுவரிலா என்று நான் முதலில் பார்ப்பது இதனால்தான்.

நரம்புப் புற்றியல்

நான் மூளைக் கட்டி நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர். மேலே எழுதியவர் தடையை நன்றாக விளக்கியிருக்கிறார். நோயாளியின் பக்கமிருந்து நான் சேர்க்க வேண்டியது ஒன்று உண்டு, அதை மிக முக்கியமானதாகக் கருதுகிறேன்.

கிளையோபிளாஸ்டோமாவின் நடுப்பகுதியில் இந்தத் தடை ஏற்கெனவே சிதைந்துதான் இருக்கிறது. எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது செலுத்தப்படும் கடோலினியம் அங்கே கசிவதால்தான் கட்டி வெள்ளையாக ஒளிர்கிறது. அந்த ஒளிரும் பகுதியைத்தான் அறுவை சிகிச்சை நிபுணர் பெரும்பாலும் அகற்றிவிடுகிறார். எஞ்சுபவை, அதற்கு அப்பால் நலமான திசுவுக்குள் ஊடுருவிச் சென்ற செல்கள். அவை இருக்கும் இடத்தில் தடை ஏறக்குறைய முழுமையாக இருக்கிறது. நோய் பெரும்பாலும் திரும்புவது முதல் கட்டியின் விளிம்பிலிருந்து இரண்டு சென்டிமீட்டருக்குள் இருக்கும் இந்தப் பகுதியில்தான். எனவே மருந்து கட்டிக்குள் போனதா என்பதைவிட, அகற்றப்படாமல் எஞ்சிய விளிம்புக்குப் போனதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

எலி ஆய்வுகள் பலவற்றில் இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. நெடுங்காலம் பரவலாகப் பயன்பட்ட யு87 என்ற செல் வகையை எலியின் மூளையில் ஊன்றினால், அது உருண்டையாக, தெளிவான எல்லையுடன், கசியும் நாளங்களுடன் வளர்கிறது. மனிதரின் நோய் அப்படி வளர்வதில்லை. மேலும் சுண்டெலியின் மூளை அரை கிராம் எடையும் இராதது. மனித மூளையோ 1,300 கிராமுக்கும் மேல். சில மில்லிமீட்டர் பரவினால் சுண்டெலியில் போதும், மனிதரில் போதாது. இவற்றைச் சொல்வது அந்த ஆய்வுகளைக் குறைத்து மதிப்பிடுவதற்காக அல்ல. அவை இல்லாமல் அடுத்த படி இல்லை. ஆனால் ஒரு சுண்டெலி ஆய்வின் தலைப்பைப் பார்த்து ஒரு குடும்பம் எவ்வளவு நம்பலாம் என்று என்னிடம் கேட்கும்போது, இந்த இரண்டையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

மனிதர்களில் நடந்தவற்றைச் சொல்கிறேன். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில், 13 நானோமீட்டர் தங்க உருண்டையின் மேல் ஒரு குறிப்பிட்ட புரதம் உருவாவதைத் தடுக்கும் குறுக்கீட்டு ஆர்.என்.ஏ. இழைகளை அடர்த்தியாகப் பொருத்திய என்யு-0129 என்ற துகளை, நோய் திரும்பிய 8 பேருக்கு மறு அறுவை சிகிச்சைக்கு முன் இரத்த நாளம் வழியே செலுத்தினார்கள். பிறகு அகற்றிய கட்டியில் தங்கம் இருந்தது. குறிவைத்த புரதத்தின் அளவும் குறைந்திருந்தது. 2021-இல் வெளியான இந்த ஆய்வு, வெளியிலிருந்து ஏற்றிய துகள் மனிதக் கட்டியைச் சென்றடையும் என்பதற்கு நேரடிச் சான்று. ஆயுள் நீண்டதா என்பதைச் சோதிக்க அது வடிவமைக்கப்படவில்லை.

இரண்டாவது, நான் அதிக நம்பிக்கையுடன் கவனிப்பது. இங்கே துகளைத் தடைக்கு ஏற்ப மாற்றாமல், தடையையே சிறிது நேரம் திறக்கிறார்கள். நுண்குமிழ்களை இரத்த நாளத்தில் செலுத்திவிட்டு, குறிப்பிட்ட இடத்தில் மீயொலி அலைகளைப் பாய்ச்சினால் குமிழ்கள் அதிர்ந்து நாளச் சுவரின் பிணைப்புகளைத் தளர்த்துகின்றன. அதே பல்கலைக்கழகத்தில் 17 நோயாளிகளுக்கு, அறுவை சிகிச்சையின்போது அகற்றிய மண்டையோட்டு எலும்பின் இடத்தில் ஒன்பது மீயொலி உமிழிகள் கொண்ட தட்டைப் பொருத்தி, அல்புமினில் பிணைத்த பேக்லிடாக்சலைக் கொடுத்தார்கள். இந்த மருந்தும் ஏறத்தாழ 130 நானோமீட்டர் அளவுள்ள ஒரு நானோ துகள்தான். மார்பகப் புற்றுநோய்க்கு 2005-லேயே அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மீயொலி பாய்ந்த மூளைத் திசுவில் மருந்தின் செறிவு, பாயாத திசுவில் இருந்ததைவிடச் சுமார் 3.7 மடங்காக இருந்தது. திறந்த தடை பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் மூடத் தொடங்கியது. 2023-இல் வெளியான இது, முக்கியமாகப் பாதுகாப்பைச் சோதிக்கும் முதல் கட்ட ஆய்வே. ஆனால் மருந்தை அளந்தது விளிம்புத் திசுவில் என்பதால் எனக்கு இது மற்றவற்றைவிடப் பெறுமானம் மிக்கது.

தங்கள் தம்பியின் இப்போதைய சிகிச்சை பழையது என்று எண்ணிவிட வேண்டாம். 2005-இல் 573 நோயாளிகளில் நடந்த ஆய்வில், கதிர்வீச்சுடன் டெமோசோலோமைடு சேர்த்தபோது இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் கடந்த காலம், 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமாக உயர்ந்தது. அது சிறிய முன்னேற்றமாகத் தோன்றும். இரண்டு ஆண்டுகளைக் கடந்தவர்களின் பங்கோ 10.4 சதவீதத்திலிருந்து 26.5 சதவீதமானது, அது சிறியதன்று. கட்டியில் எம்ஜிஎம்டி மரபணுவின் (மருந்து செய்த சேதத்தைச் சரிசெய்துவிடும் மரபணு) தொடக்கப் பகுதி மெத்திலேற்றம் அடைந்து அடங்கியிருந்தால் இந்த மருந்து இன்னும் நன்றாக வேலை செய்யும். அந்தப் பரிசோதனை முடிவைத் தவறாமல் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்த மருத்துவ ஆய்வில் சேர முயன்றாலும் முதலில் கேட்கப்படும் தகவல்களில் அதுவும் ஒன்று.

கத்திமுனை

நான் மூளை அறுவை சிகிச்சைத் துறையைச் சேர்ந்தவன். நுண்துகள் அவர்கள் எழுதியதில் ஓரிடத்தில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. கல்லீரல் விழுங்குவதும் புரதப் போர்வை படிவதும் இரத்தத்தின் வழியே அனுப்பும்போது எழும் இடர்கள். மண்டையோட்டைத் திறந்து கட்டியை எடுக்கும் நமக்கு, மருந்தை நேரடியாக அங்கேயே வைக்கும் வாய்ப்பு இருக்கிறதே? தடையைத் தாண்டுவது பற்றியே பேசிக்கொண்டிருப்பதில் இந்த வழி மறக்கப்பட்டுவிடுகிறது என்பது என் ஆதங்கம்.

இதற்கு முன்னோடி நானோ துகள் அன்று. கார்மஸ்டின் என்ற புற்று மருந்தை ஏற்றிய பாலிமர் வில்லை. கட்டியை எடுத்த குழியில் எட்டு வில்லைகள் வரை பதிக்கலாம். 1996-இல் அமெரிக்காவில், நோய் திரும்பியவர்களுக்கு என ஒப்புதல் பெற்றது. 222 பேரில் நடந்த ஆய்வில் இடைநிலை ஆயுள் 23 வாரத்திலிருந்து 31 வாரமாயிற்று. அது அதற்கு மேல் செல்லாததற்குக் காரணம், மருந்து குழியின் சுவரிலிருந்து சில மில்லிமீட்டர் தொலைவே பரவுகிறது. செல்கள் சென்டிமீட்டர் கணக்கில் பரவியிருக்கின்றன.

மெல்லிய கதீட்டர் வழியே, சீரான அழுத்தத்தில், பல மணி நேரம் மருந்தை நேராக மூளைத் திசுவுக்குள் செலுத்தும் முறை 1994-இல் முன்வைக்கப்பட்டது. பரவும் தொலைவு இதில் கூடுகிறது. ஆனால் 296 நோயாளிகளில் ஒரு நச்சுப் புரத மருந்தை இவ்வாறு செலுத்திய பெரிய ஆய்வு, முன்சொன்ன வில்லையைவிட மேலான பலன் எதையும் காட்டவில்லை. கதீட்டர்களில் பல, வகுத்த நெறிமுறைப்படி அமையவில்லை என்பது பின்னர் தெரியவந்தது. எனவே அந்த முறையே தோற்றது என்று முடிவுகட்ட நான் தயாராக இல்லை.

நானோ துகள்கள் இங்கேதான் பொருந்துகின்றன. தனித்து விட்ட மருந்து விரைவில் வெளியேறிவிடும். துகளுக்குள் இருந்தால் நாள்கணக்கில் மெல்லக் கசியும். துகள் மூளைத் திசுவில் ஒட்டிக்கொள்ளாமல் நகர வேண்டும் என்பதுதான் சிக்கலாக இருந்தது. 64 நானோமீட்டருக்கு மேற்பட்டவை மூளைச் செல்களின் இடைவெளியில் நகர முடியாது என்றே நம்பியிருந்தோம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகக் குழு 2012-இல், பாலி எத்திலீன் கிளைக்கால் என்ற பாலிமரை மிக அடர்த்தியாகப் பூசினால் 114 நானோமீட்டர் துகளும் மனித மூளைத் திசுவில் பரவுவதைக் காட்டியது. பெரிய துகள் என்றால் அதில் கூடுதல் மருந்து ஏறும், அதனால் இந்த முடிவு எங்களுக்குப் பெரிய விஷயம். குழந்தைகளின் மூளைத் தண்டில் வரும், அறுவை சிகிச்சையே செய்ய இயலாத கட்டிகளில், பானோபினோஸ்டாட் என்ற புற்று மருந்தை நீரில் கரையும் நானோ வடிவில் கதீட்டர் வழியே செலுத்தும் முதல் கட்ட ஆய்வும் நடந்து முடிந்திருக்கிறது.

இன்னொன்றையும் தாங்கள் எங்காவது வாசித்திருக்கலாம். இரும்பு ஆக்சைடு துகள்களைக் கட்டியில் செலுத்தி, மாறுகின்ற காந்தப் புலத்தில் வைத்துச் சூடேற்றும் நானோதெர்ம் முறை 2010-இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. நோய் திரும்பிய 59 பேரில், மறுபடி கண்டறியப்பட்ட நாளிலிருந்து இடைநிலை ஆயுள் 13.4 மாதம் என்று 2011-இல் வெளியிட்டார்கள். ஒப்பிடுவதற்கு வேறு நோயாளிக் குழு அந்த ஆய்வில் இல்லை. கதிர்வீச்சும் உடன் தரப்பட்டது. துகள்கள் அங்கேயே தங்கிவிடுவதால் அதன்பின் அந்தப் பகுதியை எம்.ஆர்.ஐ.யில் பார்க்க முடியாது. சில மாதங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் பார்த்து முடிவெடுக்கும் இந்த நோயில் அது மிகப் பெரிய இழப்பு. 2022-இல் அதைத் தயாரித்த நிறுவனம் நொடித்தும் போனது.

நுண்துகள்

கத்திமுனை அவர்கள் சொல்வது நியாயம். இரத்த வழியின் இடர்களை மூளைக்குள் நேராகச் செலுத்தும் முறை தவிர்த்துவிடுகிறது. ஆயினும் ஒரு முறை திறந்த குழிக்கு அது பொருந்துமே தவிர, மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப மருந்து தர வேண்டிய நோய்க்கு ஒவ்வொரு முறையும் கதீட்டர் வைக்க இயலாது. மனித மூளையின் நுண்நாளங்களின் மொத்த நீளம் சுமார் 600 கிலோமீட்டர் என்று மதிப்பிடப்படுகிறது. எந்த நரம்புச் செல்லும் ஒரு நுண்நாளத்திலிருந்து வெகுதூரத்தில் இல்லை. சிதறிக்கிடக்கும் செல்களை எட்டுவதற்கு இதற்கு இணையான வழி வேறில்லை என்பதால்தான், இவ்வளவு இழப்புகளுக்குப் பிறகும் நாங்கள் இரத்த வழியை விடாமல் பற்றியிருக்கிறோம்.

தேடல்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. விளிம்பு பற்றிய விளக்கத்தைப் படித்த பிறகுதான் மருத்துவர்கள் எங்களிடம் சொன்னதன் பொருள் எனக்கு விளங்கியது. இன்னும் இரண்டு ஐயங்கள். தடுப்பூசிகளில் பயன்பட்ட கொழுப்புத் துகள்களில் ஆர்.என்.ஏ.வை வைத்து மூளைக் கட்டிக்கு எதிராகப் பயன்படுத்துவதாக வாசித்தேன்; அந்தத் துகளும் தடையைத் தாண்ட வேண்டுமா? அடுத்து, ‘நானோ’ என்ற பெயரோடு இணையத்தில் விற்கும் துணை மாத்திரைகளை உறவினர் ஒருவர் வாங்கித் தந்திருக்கிறார். மூளைத் தடையைத் தாண்டும் என்று உறையிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். கொடுக்கலாமா?

நுண்துகள்

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். தாண்டத் தேவையில்லை, அதுவே அந்த அணுகுமுறையின் அழகு. அங்கே துகளின் இலக்கு மூளை அன்று, நோயெதிர்ப்பு மண்டலம். ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் எலியாஸ் சேயூர் குழுவினர் நோயாளியின் சொந்தக் கட்டியிலிருந்து ஆர்.என்.ஏ.வை எடுத்துப் பெருக்கி, கொழுப்புத் துகள்களில் பல அடுக்குகளாகச் சுற்றி, கொத்துகளாக்கி இரத்த நாளம் வழியே செலுத்தினார்கள். ஆர்.என்.ஏ. தடுப்பூசித் துகள்கள் தனித்தனியாகச் செல்பவை. இவை திரண்ட கொத்துகள் என்பதால் ஒரு பெரிய தொற்று வந்துவிட்டதைப் போல உடல் விழித்துக்கொள்கிறது. முந்தைய பதிவில் நான் குறையாகச் சொன்ன, விழுங்கு செல்கள் துகளைப் பிடித்துக்கொள்ளும் இயல்பே இங்கே பயனாக மாறிவிடுகிறது. விழித்தெழுந்த டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் மூளைக்குள் தாமே செல்ல வல்லவை.

2024-இல் வெளியான முடிவுகளில் மனித நோயாளிகள் 4 பேர் மட்டுமே. அதற்கு முன் தாமாகவே மூளைக் கட்டி வந்த 10 வளர்ப்பு நாய்களிலும் சோதித்திருந்தார்கள். எலியில் ஊன்றிய கட்டியைவிட இயல்பாக வந்த நாயின் கட்டி மனித நோய்க்கு நெருக்கமானது என்பதால் அந்தப் படியை நான் மதிக்கிறேன். இரண்டு நாட்களுக்குள் நோயெதிர்ப்பு மண்டலம் தூண்டப்பட்டது தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. 4 பேரை வைத்து ஆயுள் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

நரம்புப் புற்றியல்

மாத்திரைகளைக் கொடுக்க வேண்டாம், அம்மா. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. உறையில் அச்சிட்ட அந்த வாக்கியத்துக்கு மனிதரின் மூளைத் திசுவில் மருந்தை அளந்து காட்டிய சான்று வேண்டும்; நாங்கள் மேலே பேசிய ஆய்வுகள் அந்த ஒரு அளவீட்டுக்காக அறுவை சிகிச்சை அரங்குவரை போக வேண்டியிருந்தது. டெமோசோலோமைடு எடுக்கும் காலத்தில் வெள்ளணுக்களும் தட்டணுக்களும் குறையக்கூடும், கல்லீரலும் பாதிக்கப்படலாம். என்னவென்று அறியாத ஒரு பொருள் உடன் சேர்ந்தால், இரத்தப் பரிசோதனை மாறும்போது எதனால் மாறியது என்று எங்களால் கண்டறிய முடியாது; தேவையான மருந்தை நிறுத்த நேரிடும். வலிப்பு மருந்து எடுப்பவராக இருந்தால் அதனுடனும் மோதலாம். உறவினரின் அன்பைப் புண்படுத்தாமல் மறுக்க வேண்டுமானால், மருத்துவர் தடுத்துவிட்டார் என்று என் மேல் போட்டுவிடுங்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியதைப் பற்றித் தொடக்கத்தில் கேட்டிருந்தீர்கள். கதிர்வீச்சும் டெமோசோலோமைடும் தடையின்றி முடியட்டும். எந்தப் புதிய செய்திக்காகவும் அவற்றைத் தள்ளிப்போட வேண்டாம். எம்ஜிஎம்டி, ஐடிஎச் ஆகிய மரபணுப் பரிசோதனைகளின் முடிவுகள் என்ன, அகற்றிய கட்டித் திசு மெழுகில் பதித்தோ உறைநிலையிலோ சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று இப்போதே கேளுங்கள். நோயாளியின் சொந்தக் கட்டியிலிருந்து செய்யும் சிகிச்சைகளுக்குச் சேமித்த திசு தேவைப்படலாம். நோய் திரும்பினால் மறு அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கும் முன்பே, சேரத்தக்க ஆய்வு ஏதேனும் உண்டா என்று விசாரிக்க வேண்டும். மீயொலித் தட்டு பொருத்துவதும், துகளைச் செலுத்திவிட்டுக் கட்டியை எடுத்து அளப்பதும் அந்த அறுவை சிகிச்சையோடு சேர்ந்தே நடப்பவை, முடிந்த பின் கேட்டால் வாய்ப்பு போய்விடும். ஏதேனும் ஆய்வு கிடைத்தால், அது எத்தனையாவது கட்டம், இதுவரை எத்தனை மனிதர்கள் அதைப் பெற்றிருக்கிறார்கள், பின்னர் எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கு அது இடையூறாகுமா, அதில் சேர்ந்தபின் வேறு ஆய்வுகளில் சேரும் தகுதி போய்விடுமா என்பவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். ஆய்வில் சேர்வதற்காக நோயாளியிடம் பெருந்தொகை கேட்கும் இடம் எதுவாக இருந்தாலும், பணம் கட்டும் முன் தம்பியின் மருத்துவரிடம் அந்தக் காகிதங்களைக் காட்டுங்கள்.